நினைவும் இரக்கமும்



மட்டக்களப்பு என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பாடும் மீனே ஆகும். நிறைமதி நாள்களில், கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை அசையாது நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரிலே தோய்த்து, மறு நுனியைச் செவியிலே பொருத்திக் கேட்போருக்கு, வாவியின் அடியிலிருந்து நரம்பை மீட்டினாற்போன்ற மெல்லொலி கேட்கும். அவ்வொலியை அமெரிக்க நாட்டு இயேசு சபைக் குருவாகிய லாங் அடிகளார் ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலி அதனை 1960களிலே ஒலிபரப்பியது. மூத்த நேயர்கள் சிலருக்கு இது நினைவிருக்கலாம். நீரின் மேலே எதுவும் தெரிவதில்லை. ஓசை அடங்கி, ஒருவன் செவி கொடுத்தால் மாத்திரமே கேட்கும். இறந்தோரை நினைத்தலும் ஏறத்தாழ இத்தகைய செயலே என்று நான் எண்ணுவதுண்டு.

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒரு கத்தோலிக்கக் கல்லூரியைச் சூழ்ந்த வாழ்விலே நினைவும் இரக்கமும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்து நின்றன, அவற்றினின்று ஏனைய பாடசாலைகள் கற்கத்தக்கது யாது என்பதாகும். அக்கல்லூரி, மட்டக்களப்புப் புளியந்தீவிலே 1873ஆம் ஆண்டு முதலாகக் கல்வி புகட்டிவரும் புனித மிக்கேல் கல்லூரியாகும். நான் அங்கே பயின்றவனும் அல்லன், பயிற்றியவனும் அல்லன். சைவக் குடும்பத்திலே பிறந்து, அரசினர் பாடசாலைகளிலே கற்று, அரசினர் பாடசாலைகளிலேயே கற்பித்து வருபவன். ஆயினும் அயல் வீட்டு விளக்கின் ஒளி நம் முற்றத்திலும் விழுமன்றோ? அவ்வொளியில் நான் கண்ட ஒன்றையும், நான் செய்யாது விட்ட ஒன்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

கத்தோலிக்கத் திருச்சபை நவம்பர் மாதத்தை இறந்தோர்க்கென ஒதுக்கி வைத்திருக்கின்றது. நவம்பர் 1ஆம் நாள் சகல புனிதர்களின் திருநாள். அதற்கு மறுநாள் சகல ஆன்மாக்களின் நினைவுநாள். பிரான்சு தேசத்திலே குளூனி என்னும் மடத்துக்குத் தலைவராயிருந்த ஒடிலோ என்பார், சற்றேறக் குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், தம் மடத்தைச் சார்ந்த இல்லங்கள் அனைத்திலும் இந்நாளைக் கைக்கொள்ளுமாறு விதித்தார். அங்கிருந்தே அவ்வழக்கம் உலகெங்கும் பரவியது. நம் நாட்டிலும் அந்நாள்களிலே கத்தோலிக்கச் சேமக்காலைகளைத் துப்புரவு செய்து, கல்லறைகளுக்கு வெள்ளை பூசி, மெழுகுதிரி ஏற்றி, மலர் வைத்து வேண்டுதல் செய்வதைக் காண்கின்றோம்.

இது கத்தோலிக்கருக்கு மாத்திரம் உரியதன்று. வள்ளுவப் பெருந்தகை இல்வாழ்வானின் கடன்களை எண்ணுமிடத்துத் தென்புலத்தாரையே முதலிலே வைத்தார். ஆடி அமாவாசையன்று மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தக்கரையிலே தந்தையை இழந்தோர் எத்துணைப் பேர் கூடுகின்றனர் என்பதை மட்டக்களப்பு மக்கள் அறிவர். எங்கள் முஸ்லிம் சகோதரரும் அடக்கத்தலங்களுக்குச் சென்று, மரித்தோர்க்காக இறைவனிடம் மன்றாடுகின்றனர். நினைவு என்பது எல்லாச் சமயத்தார்க்கும் பொது. எனின், யாரை நினைக்கின்றோம், யாரை விட்டுவிடுகின்றோம் என்பதிலேதான் வேற்றுமை பிறக்கின்றது.

மிக்கேல் கல்லூரியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். மிக்கேல் என்பவர் வானதூதர்களின் தலைவர். அவருடைய திருநாள் செப்டெம்பர் 29ஆம் நாள். மேனாட்டு ஓவியர் அவரைத் தீட்டும்போது ஒரு கையிலே வாளையும், மறு கையிலே துலாக்கோலையும் கொடுப்பர். இறந்தோரின் ஆன்மாக்களை நிறுப்பவர் அவர் என்பது பழங் கிறித்தவ மரபு. அவரையே மீக்காயீல் என்று திருக்குர்ஆனும் குறிப்பிடுகின்றது. ஆகவே ஒரு முஸ்லிம் மாணவன் அக்கல்லூரி வாயிலிலே நுழையும்போது, அங்கே பொறித்திருக்கும் பெயர் அவனுக்கும் அந்நியமானதன்று.

1890களின் நடுப்பகுதியிலே, திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்கு மறைமாவட்டம் பிரெஞ்சு இயேசு சபையாரின் பொறுப்பில் விடப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையார் வந்து அப்பணியிலே சேர்ந்தனர். இச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம்மவர்க்கு விதித்த பயிற்சிகளுள் ஒன்று ஆன்மசோதனை எனப்படும். நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கி, கழிந்த பொழுதைத் திரும்பிப் பார்த்து, முதலில் நன்றி கூறி, பின்பு செய்த பிழையையும் செய்யத் தவறிய நன்மையையும் எண்ணிப் பார்த்தலே அப்பயிற்சி. நினைத்தல் என்பது ஆண்டுக்கொருமுறை நிகழும் சடங்கன்று, நாள்தோறும் பழகவேண்டிய ஒழுக்கம் என்பது இதனாற் பெறப்படும்.

இக்கல்லூரியின் வாங்குகளிலே கத்தோலிக்கரும், சைவரும், முஸ்லிம்களும், பறங்கியரும் அருகருகே அமர்ந்து கற்றனர். அவ்வாறு கற்றவர்களுள் ஒருவர் காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனன். கேம்பிரிட்ஜ் சிரேட்ட பரீட்சையிலே தேறியபின் அவர் அக்கல்லூரியிலேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தார். பின்னர் யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்தார். 1924ஆம் ஆண்டு துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். கல்லடியிலே சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியவரும், 1947ஆம் ஆண்டு யாழ்நூலைத் தந்துவிட்டு அவ்வாண்டிலேயே மறைந்தவரும், நம் வாவியின் இசையைக் கேட்டு நீரர மகளிரைப் பாடியவரும் அவரே. கத்தோலிக்கக் குருமாரிடம் பயின்ற ஒரு சைவச் சிறுவன், தன் சமயத்திலே மேலும் ஊன்றி நின்று, தானும் பாடசாலைகளைத் தோற்றுவித்தான். இதனை இழப்பென்று எண்ணாது, தம் மாணவனென்று பெருமையோடு நினைவுகூரும் கல்லூரிக்குப் பரந்த நெஞ்சம் வேண்டும். கூட்டுவாழ்வு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

இனி இரக்கத்துக்கு வருவோம். கத்தோலிக்கச் சிறுவர் தம் ஞானோபதேச வகுப்பிலே இரக்கச் செயல்கள் ஏழு என்று மனனஞ் செய்வர். பசித்தோர்க்கு உணவளித்தல், தாகமுற்றோர்க்கு நீர் அளித்தல், ஆடையற்றோர்க்கு ஆடை அளித்தல், இடமற்றோர்க்கு இடமளித்தல், நோயுற்றோரைச் சென்று காணல், சிறைப்பட்டோரைச் சந்தித்தல் என்னும் ஆறும் மத்தேயு எழுதிய நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்திலே உள்ளன. ஏழாவது, இறந்தோரை அடக்கஞ் செய்தல். இது தோபித்து என்னும் நூலிலிருந்து வந்தது. தோபித்து, நினிவே நகரிலே அடிமைப்பட்டுக் கிடந்த இனத்தைச் சேர்ந்தவன். அரசனாற் கொல்லப்பட்டு மதிலுக்கப்பால் எறியப்பட்ட தன் மக்களின் உடல்களை, அரசனுக்கு அஞ்சாது, மறைவிலே எடுத்துப் புதைத்தான். அயலவர் அவனை எள்ளி நகைத்தனர். அவன் அப்பணியைக் கைவிடவில்லை.

மத்தேயு நற்செய்தியின் அப்பகுதியிலே என் உள்ளத்தைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. இறுதித் தீர்ப்பு நாளிலே தண்டனை பெறுவோர் மீது கொலையோ களவோ சாட்டப்படவில்லை. அவர்கள் செய்யாது விட்டதே குற்றமாகச் சொல்லப்படுகின்றது. பசித்தவனைக் கண்டும் கொடுக்கவில்லை, சிறையிலிருந்தவனை அறிந்தும் போகவில்லை, அவ்வளவே. இதனைப் பின்னர் மீண்டும் குறிப்பிடுவேன்.

அமெரிக்கக் குருமார் இவ்விரக்கத்தை நூலிலே மாத்திரம் கற்பிக்கவில்லை. விளையாட்டுத் திடலிலும் கற்பித்தனர். மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு இன்றும் ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. யூஜின் ஹேபர் அடிகளார் லூசியானாவிலே 1923ஆம் ஆண்டு பிறந்து, இளம் வயதிலேயே இங்கு வந்து, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கூடைப்பந்தாட்டம் பயிற்றியவர். பந்தை வைத்திருப்பவன் தான் மாத்திரம் ஓடினால் ஆட்டம் இல்லை, அருகில் நிற்பவனைப் பார்த்து அவனுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவ்விளையாட்டின் முதற் பாடம். பல சமயத்துப் பிள்ளைகள் ஒரே அணியிலே நின்று அப்பாடத்தைப் பயின்றனர்.

நேயர்களே, 1990ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலே கிழக்கிலங்கையிற் சரணடைந்த பொலிஸார் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அதனையடுத்து ஏறாவூரிலே முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலே தஞ்சம் புகுந்திருந்த தமிழர் பலர் கொண்டுசெல்லப்பட்டு மீளவில்லை. செப்டெம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலே தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். யார் எதனைச் செய்தார் என்று ஆராய்ந்து தீர்ப்பளிக்க வேண்டிய மன்று வேறு. அது நிகழவேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஒரு ஆசிரியன் என்ற முறையிலே நான் கண்டது இதுதான்: ஒவ்வோர் ஊரும் தன் இறந்தோரை மாத்திரம் எண்ணத் தொடங்கியது. நேற்றுவரை ஒரே சந்தையிலே கொள்வனவும் விற்பனவும் செய்தோர், ஒருவர் ஊருக்குள் மற்றவர் செல்ல அஞ்சினர்.

அந்நாள்களிலேதான் ஹேபர் அடிகளார் மறைந்தார். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலே இடருற்றிருந்த அருட்சகோதரிகளுக்கு உதவும் பொருட்டுச் சென்றிருந்த அவர், தமிழ் இளைஞர் ஒருவருடன் மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. அவர்களுடைய உடல்களும் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 66. கல்லறை இல்லாத ஒருவருக்கு நவம்பர் மாதத்திலே மெழுகுதிரியை எங்கே ஏற்றுவது? காணாமற்போன பிள்ளையின் தாய் ஒவ்வொருத்தியும் கேட்கும் கேள்வி அதுவே. தங்கள் குருவை இழந்தபோது, அத்தாய்மாரின் வரிசையிலே அக்குருமாரும் போய் நிற்க நேர்ந்தது.

அவருடைய சபைத் தோழரும், மிக்கேல் கல்லூரிக்குத் தலைமை தாங்கியவருமாகிய பென் மில்லர் அடிகளார் அந்நாள்களிலே செய்த பணி சொல்லத்தக்கது. நியூ ஓர்லியன்ஸ் நகரிலே பிறந்து, 1948ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தம் 93ஆம் வயதில் மட்டக்களப்பிலேயே மறைந்தவர் அவர். நகரத்துப் பெரியோருடன் சமாதானக் குழுவிலே சேர்ந்து, மக்களைத் தேடிவந்த பெற்றோரின் முறைப்பாடுகளைக் கேட்டு எழுதினார். காணாமற்போனவரின் பெயர் என்ன, ஊர் எது, எந்நாள், எவ்விடத்தில் என்றெல்லாம் குறித்துக்கொண்டு, அதிகாரிகளிடம் சென்று விசாரித்தார். பெயரை எழுதுவது மிகச் சிறிய செயலெனத் தோன்றலாம். ஆயின் ஒருவன் இருந்தான் என்பதையே மறுக்கும் காலத்திலே, அவனுடைய பெயரைத் தாளிலே எழுதி வைப்பது அவனை அடக்கஞ் செய்வதற்கு ஒப்பாகும். தோபித்து மண்வெட்டியாற் செய்ததை அம்முதியவர் பேனாவினாற் செய்தார்.

அதன்பின் 1996ஆம் ஆண்டு, மட்டக்களப்பிலே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்றொரு தோட்டம் திறக்கப்பட்டது. இயேசு சபையைச் சார்ந்த போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனேடிய ஓவியர் போல் ஹோகனும் அதனை அமைத்தனர். போரினால் உள்ளம் காயமுற்ற தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் அயற் கிராமங்களிலிருந்து அங்கே ஒருங்கு வந்தனர். களிமண்ணிலே உருவம் செய்தனர். வண்ணம் தீட்டினர். கதை சொன்னார்கள். பெரியோர் ஒருவர் ஊருக்குள் ஒருவர் செல்லாதிருந்த காலத்திலே, பிள்ளைகள் ஒரே மரநிழலிலே அமர்ந்திருந்தனர்.

இனி நான் செய்யாது விட்டதைச் சொல்லவேண்டும்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. கல்லடி, நாவலடி, டச்பார் முதலாக எங்கள் கரையோரம் முழுவதும் சிதைந்தது. அப்போது நான் கரையோரப் பாடசாலை ஒன்றிலே எட்டாந்தர வகுப்பாசிரியனாக இருந்தேன். 2005 ஜனவரியிலே புதிய வரவு இடாப்பைத் திறந்து பெயர்களை எழுத அமர்ந்தேன். பழைய இடாப்பிலே 34 பெயர்கள் இருந்தன. அவர்களுள் மூவர் உயிரோடில்லை. புதிய இடாப்பிலே 31 பெயர்களை எழுதி முடிக்க எனக்கு ஒரு முழு மாலைப்பொழுது சென்றது. மாணவர் வந்தபோது, யாரும் சொல்லாமலே, அம்மூவரின் இடங்களையும் வெறுமையாக விட்டு அமர்ந்தனர். நானும் அவர்களை நெருங்கி அமரச் சொல்லவில்லை.

ஓராண்டு கழிந்தது. 2006 ஜனவரியிலே, காலைக் கூட்டத்தில் இறந்த மாணவரின் பெயர்களை வாசித்து அஞ்சலி செலுத்த ஏற்பாடாயிற்று. பெயர்களைத் தொகுக்கும் பொறுப்பு என்னுடையது. என் வகுப்பு மாணவன் ஒருவன் நாலாய் மடித்த தாளொன்றை என்னிடம் நீட்டினான். அதிலே இரண்டு முஸ்லிம் சிறுவரின் பெயர்கள் இருந்தன. அயலூர்ப் பிள்ளைகள். மாலை வேளைகளிலே கடற்கரைக்கு வந்து எம்மாணவரோடு பந்து விளையாடியவர்கள். அதே அலையிலே போனவர்கள்.

“சேர், இவங்கட பேரையும் சேர்த்து வாசிக்க ஏலாதா?” என்று அவன் கேட்டான்.

ஆசிரியர் அறையிலே நான் அதனைச் சொன்னேன். 1990ஆம் ஆண்டிலே தம் தம்பியை இழந்த மூத்த ஆசிரியர் ஒருவர் அங்கிருந்தார். அவர் கோபிக்கவில்லை. “தம்பி, இதை இப்ப விடுங்க. பிறகு பார்ப்பம்,” என்றார். அவருடைய துயரை நான் அறிவேன். அதற்கு மறுமொழி சொல்லும் துணிவு எனக்கில்லை. நான் அப்பெயர்களை வாசிக்கவில்லை. இடமில்லை என்று அம்மாணவனிடம் சொன்னேன். அவன் வாதிடவில்லை. தாளை வாங்கி, மீண்டும் மடித்து, சட்டைப் பையிலே வைத்துக்கொண்டான். இடமில்லை என்று நான் சொன்னது உண்மையன்று. இரண்டு பெயரை வாசிக்க எவ்வளவு நேரம் செல்லும்?

சில ஆண்டுகளின் பின் கத்தோலிக்க நண்பர் ஒருவரின் தாயாருக்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட திருப்பலிக்குச் சென்றிருந்தேன். குருவானவர் இறந்தோர்க்காக வேண்டும்போது, திருச்சபையைச் சார்ந்து மரித்தோரை மாத்திரம் குறிப்பிடவில்லை. எவருடைய நம்பிக்கையை இறைவன் ஒருவனே அறிவானோ, அவர்களையும் சேர்த்து வேண்டினார். அது அவர் தாமாகக் கூறியதன்று; திருப்பலி மன்றாட்டுகளுள் ஒன்றிலே அவ்வாறே அமைந்திருக்கின்றது என்று நண்பர் பின்னர் விளக்கினார். மதிலுக்கு அப்பாலிருக்கும் இறந்தோர்க்கும் அவர்கள் இடம் வைத்திருக்கின்றார்கள். என் பட்டியலிலோ இரண்டு சிறுவருக்கு இடமில்லாது போயிற்று. அன்றிரவு, செய்யாது விட்டதே குற்றம் என்னும் அவ்வதிகாரத்தை மீண்டும் படித்தேன்.

அடுத்த ஆண்டு நினைவுக்கூட்டத்துக்கு முன்பாக, அவ்விரு சிறுவரின் இல்லங்களுக்கும் சென்று அனுமதி கேட்டேன். ஒரு வீட்டிலே தாயார் கதவருகே நின்று நான் சொன்னதைக் கேட்டார். பெயர் வாசிப்பதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. “எங்கட மகன் உங்கட பக்கம் பந்தடிக்க வந்தவனா?” என்றே கேட்டார். அவன் அங்கு போவது அவருக்குத் தெரியாது. எந்த நாள்களில் வருவான், எந்த இடத்தில் நின்று விளையாடுவான் என்று, எம்மாணவர் சொல்லி நான் அறிந்ததையெல்லாம் அவருக்குச் சொன்னேன். இறந்து பல்லாண்டு சென்ற மகனைப் பற்றி ஒரு புதிய செய்தியை அத்தாய் அன்றுதான் பெற்றார். நாம் பிறருடைய இறந்தோரை நினைவிலே வைத்திருந்தால், அவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் ஏதேனும் இருக்கும். இது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

அவ்வாண்டு முதல் அப்பெயர்களும் வாசிக்கப்பட்டன. மூத்த ஆசிரியர் ஓய்வு பெறும்வரை ஒவ்வோராண்டும் அக்கூட்டத்திலே நின்றார். அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. அவர் நின்றார், அது போதும். தாள் நீட்டிய மாணவன் அதற்குள் பாடசாலையை விட்டுக் கட்டாருக்குத் தொழிலுக்குச் சென்றுவிட்டான். அவனுக்குச் செய்தி அனுப்பினேன்.

2019 ஏப்ரில் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. மாண்டவர்களுட் பலர் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே வந்திருந்த சிறுவர். அவ்வாண்டு மே மாதம் பாடசாலைகள் மீளத் தொடங்கியபோது எல்லோர் உள்ளத்திலும் அச்சம் குடிகொண்டிருந்தது. சினமும் இருந்தது. எங்கள் பாடசாலையிலே ஒரு முஸ்லிம் ஆசிரியை பணிபுரிந்தார். அன்றைய கூட்டத்திலே மாண்டோர்க்காக நாம் மௌனமாக நின்றபோது, அவரும் எம்முடன் நின்றார். அவ்விரு முஸ்லிம் சிறுவரின் பெயர்களை ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்தவர் எம்மாணவர். ஆதலால் அவர் ஏன் இங்கே நிற்கின்றார் என்று அவர்களுள் எவரும் கேட்கவில்லை.

இதிலிருந்து நான் பெற்ற முடிபை அடக்கத்தோடு சொல்வேன். இரக்கமில்லாத நினைவு வஞ்சமாக முதிர்ந்துவிடும். நினைவில்லாத இரக்கம் அன்றைய கண்ணீரோடு வற்றிவிடும். இரண்டையும் சேர்த்துக் காப்பது கூட்டுவாழ்வு. அதனை வளர்ப்பதற்குப் பாடசாலையினும் ஏற்ற இடம் வேறில்லை.

அதிபர்களாகவும் ஆசிரியர்களாகவும் உள்ள நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பரிசளிப்பு விழாவிலே வென்றவர்களின் பெயர்களை வாசிக்க நாம் மறப்பதில்லை. இறந்துபோன மாணவரின் பெயர்களை வாசிக்கவும் ஆண்டிலே ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். பெரிய செலவு வேண்டுவதில்லை. ஒரு தாளும், ஒரு விளக்கும், ஐந்து நிமிட அமைதியும் போதும். பெயரை வாசிக்குமுன் பெற்றோரிடம் சென்று கேளுங்கள். பட்டியலை எழுதி முடித்தபின், யாரை விட்டோம் என்று மாணவரிடமே வினவுங்கள். நாம் மறந்தவர்களைப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுள் ஒருவன் நாலாய் மடித்த தாள் ஒன்றை நீட்டினால், இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

புதிய இடாப்பு தொடங்கும் ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தப் பழைய இடாப்பை இன்றும் எடுத்துப் பார்ப்பேன். அதன் கடைசிப் பக்கத்திலே, வகுப்பைச் சாராத இரண்டு பெயர்களை என் கையால் எழுதி வைத்திருக்கின்றேன்.